போருக்குப் பிந்தைய பல்கலைக்கழகங்களை ஆய்வுத் தலைப்பாக எடுப்போருக்கு

போரில் சிதைந்த பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களின் துணையோடு மீண்டெழுந்த விதத்தை முதுநிலை ஆய்வேட்டுக்காகப் படித்தவன் என்ற முறையில், இதே தலைப்பை எடுக்கவிருக்கும் மாணவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கட்டடங்கள், நூல்கள், கருவிகள் பற்றிய தகவல்கள் எளிதில் கிடைப்பதால் பலரும் அவற்றோடு நின்றுவிடுகிறார்கள். ஆசிரியர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள், பெற்றபின் ஊர் திரும்பினார்களா என்று தேடிப் போகும்போதுதான் ஆய்வுக்கு ஆழம் வருகிறது.

முதலில் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தைப் படியுங்கள். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையினர் எரித்த அப்பல்கலைக்கழக நூலகத்துக்கு ஈடாக நூல்களும் கையெழுத்துப் படிகளும் தர வேண்டும் என்று, முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கையின் 247ஆம் பிரிவு ஜெர்மனிக்கு விதித்தது. அமெரிக்க நன்கொடைகளால் எழுந்த புதிய கட்டடமோ 1928இல் திறக்கப்பட்டு, 1940 மே மாதத்தில் மறுபடியும் தீக்கிரையானது. இழப்பீடும் நன்கொடையும் எதுவரை உதவும் என்பதை இந்த ஒரு வரலாறே காட்டிவிடும்.

அதிக நாள் செலவிட வேண்டியது சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான். கொரியப் போர் ஓய்ந்த மறுஆண்டு, 1954இல், அமெரிக்க அரசின் நிதியுதவியோடு மினசோட்டா பல்கலைக்கழகம் அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மருத்துவம், வேளாண்மை, பொறியியல் ஆகிய துறைகளின் கொரிய ஆசிரியர்கள் மினசோட்டாவுக்குச் சென்று பயின்றார்கள். அங்குள்ள பேராசிரியர்கள் சியோலில் தங்கி ஆலோசனை தந்தார்கள். சென்றவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்ததால், விரிவுரையையே பெரிதும் நம்பியிருந்த மருத்துவக் கல்வி, நோயாளியின் படுக்கையருகே கற்கும் முறைக்கு மாறத் தொடங்கியது. இந்தத் திட்டத்தின் பெருமை அந்தத் திரும்புதலில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொன்று: எந்தத் துறைக்கு முன்னுரிமை என்பதை முடிவு செய்தவர் யார்? பணம் கொடுத்தவரா, பாடம் நடத்தியவரா? ஒப்பந்த வாசகங்களை வரிவரியாகப் படித்திருந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும் (விவாதிக்கத் தக்க கேள்வியும் இதுவே).

அண்மைக்கால எடுத்துக்காட்டுகளைச் சுருக்கமாக எழுதினால் போதும். எரிக்கப்பட்ட, ஈராக்கின் மோசுல் பல்கலைக்கழக மைய நூலகம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் உக்ரைன் பல்கலைக்கழகங்களுடன் ஒன்றுக்கொன்று என இணையத் தொடங்கின. போர் முடியும்வரை காத்திராத கூட்டுறவு என்பதால் இதைத் தனியாக ஆராயலாம். நாஜிகளால் பணிநீக்கப்பட்ட அறிஞர்களுக்கு உதவ 1933இல் பிரித்தானியாவில் தோன்றிய அமைப்பு, இன்று காரா என்ற பெயரில், துருக்கியில் அடைக்கலம் புகுந்த சிரிய ஆசிரியர்களோடு பணிபுரிந்திருக்கிறது. திரும்பிச் செல்ல வழியற்றவர்களின் ஆய்வுத்திறன் மங்காமல் காப்பதும் மறுகட்டமைப்பே என்பதை அதைக் கொண்டு வாதிடலாம்.

காலவரம்பு இடம் கொடுத்தால், லாவோஸ் மருத்துவ ஆசிரியர்களுக்குச் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கி அளித்த பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மினசோட்டாத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட முயற்சி அது. உதவி பெற்றவர் உதவுபவராகும்போது துறைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று அங்கும் கேட்டுப் பார்க்கலாம்.