நான்கு கொலைகாரர்கள், ஒரே நடிகர்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் என்றால் காத்தோ பிமாங் (எங்கள் ஊர் மிளகாய் வடை) தட்டை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடரான ‘கொலம்போ’வின் டிவிடி பார்ப்போம், அதுவும் பிரெஞ்சுக் குரலில். எல்லோரும் துப்பறிவாளராக நடித்த பீட்டர் ஃபாக்கின் கசங்கிய மழைக்கோட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சரி, அவர் பெரிய நடிகர்தான். ஆனால் பேட்ரிக் மெக்கூஹனைப் பற்றி யாராவது சொல்ல வேண்டாமா?

அந்த ஒரே தொடரில் நான்கு முறை கொலைகாரராக வந்திருக்கிறார். 1974இல் ராணுவப் பள்ளித் தலைவரான கர்னல், அடுத்த வருஷம் உளவாளி, 1990இல் வக்கீல், 1998இல் பிண அடக்கம் செய்யும் நிறுவனத்துக்காரர். இவற்றில் இரண்டுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது வாங்கினார், சில பாகங்களை இயக்கியும் இருக்கிறார். அந்த ராணுவக்காரரைப் பாருங்கள், முதுகு ஒரு இம்மி வளையாது, தூக்கம் கெட்ட கண்கள், கொலை செய்தவன் என்று தெரிந்தும் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. அதே மனிதர்தான் வக்கீலாக வந்து, கடித்துவிட்டு வைத்த ஒரு சீஸ் துண்டால் மாட்டிக்கொள்கிறார். டப்பிங்கில் அவருடைய சொந்தக் குரல்கூட நமக்குக் கேட்பதில்லை, கண்ணும் கையும் நடையும் மட்டும்தான், அதிலேயே ஆளை மாற்றிக் காட்டுகிறார்.

வக்கீல் பாகம் முடிந்தபோதுதான் அம்மா கேட்டார், “இவரா அந்தக் கர்னல்?” என்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் என் கையிலிருந்த டிவிடி பெட்டியை வாங்கிப் பெயரை அவரே தேடினார்.

வரும் ஞாயிறு 1998 பாகம்.