அறுகோணத்தில் பாராமகால்

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாக ஆடும் கதாபாத்திர ஆட்டத்தை நடத்துபவர், முழு வரைபடத்தையும் முதல் நாளே மேசையில் விரித்துவிட்டால், ஆட்டத்தின் பாதிச் சுவை அப்போதே போய்விடும் என்பது என் கருத்து. வரைபடம் ஆடுவோரின் கையில்தான் வளர வேண்டும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்திலேயே இந்த ஏற்பாடு உண்டு. நிலவறையின் அமைப்பை நடத்துநர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, ஆடுவோரில் ஒருவர் கிராஃப் தாளில் வரைந்துகொண்டே வருவார். வெளிநிலத்துக்கு அறுகோணக் கட்டங்கள்; ஒரு கட்டம் 5 மைல், நடந்து செல்பவருக்கு நாளொன்றுக்கு 3 கட்டங்கள். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் நகர்ந்தால் தொலைவு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தொலைவு என்பதால் கணக்கு எளிது.

கணினிக்கும் இது பொருந்தியது. 1981-இல் வந்த 'விசார்ட்ரி'யில் ஒவ்வொரு தளமும் 20-க்கு 20 கட்டம். ஆடுபவரை அவர் அறியாமலேயே திசை திருப்பிவிடும் கட்டங்களும் அதில் உண்டு என்பதால், அதன்பின் அவர் தாளில் வரைவது பிழையாகிவிடும். 2007-இல் வந்த 'எட்ரியன் ஒடிசி' ஆட்டம் அந்தத் தாளை நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க ஆட்டக் கருவியின் தொடுதிரைக்கே கொண்டுவந்தது. இன்றைய கணினி ஆட்டங்கள் பலவற்றில் அம்புக்குறி காட்டும் பக்கம் நடந்தால் போதும். அதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

கிருஷ்ணகிரியில் நண்பர்களுக்கு நான் நடத்தும் ஆட்டத்தின் களம், பன்னிரண்டு கோட்டைகளின் நாடாகிய பழைய பாராமகால். ஐந்து மைலை எட்டுக் கிலோமீட்டராகக் கொண்டால் இங்கிருந்து தருமபுரி ஏறத்தாழ ஆறு கட்டம், அதாவது இரண்டு நாள் நடை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் போய்ச்சேரப் பழகியவர்கள், தென்பெண்ணையை எங்கே கடப்பது, இரவு காவேரிப்பட்டினத்தில் தங்கலாமா என்று விவாதிக்கத் தொடங்கினார்கள். இந்த நிலத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. சையது பாஷா மலை போன்ற தனிப்பாறைக் குன்றுகள் வெகு தொலைவிலிருந்தே தெரிவதால், ஆடுவோர் திசையை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். வழியை மட்டும் நடந்துதான் அறிய வேண்டும்.

அவர்கள் ஓடையைத் தவறான கரையில் வரைந்தாலும் நான் திருத்துவதில்லை, ஏனெனில் அந்தப் பாத்திரங்கள் அறிந்தது அவ்வளவுதான். என் விவரிப்பு குழப்பமாக இருந்து அதனால் பிழை நேர்ந்திருந்தால் மட்டும், ஆட்டத்தை நிறுத்தி மீண்டும் விளக்கிச் சொல்வேன்.