சூப்பர்நோவா ஆய்வுகளுக்குக் கணக்கு எழுதியபோது

பதவி உயர்வு விண்ணப்பத்தில் ‘ஆய்வுத் தாக்கம்’ என்று ஒரு பக்கம். மொத்தக் கட்டுரைகள், பிறர் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய மொத்த மேற்கோள்கள், இரண்டையும் சேர்த்து அளக்கும் எச்-குறியீடு என மூன்று கட்டங்கள். வானியல்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எங்கள் துறையில் வெளிவருவதில் ஏறக்குறைய எல்லாமே நாசாவின் ஏடிஎஸ் தரவுத்தளத்தில் இருக்கும். மேற்கோள் கணக்கையும் அதுவே போட்டுத் தரும், கட்டணமும் கிடையாது.

தகராறு பெயரில் தொடங்கியது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர்தான் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கிறது. சில ஆய்விதழ்கள் அதை விரித்து, அப்பாவையே ஆசிரியராக்கிவிட்டன. தொலைநோக்கியைத் தொட்டே பார்க்காத என் அப்பாவின் பெயரில் மதிப்பான சில கட்டுரைகள் இருந்தன. சுப்பிரமணியன் சந்திரசேகர் இதில் தப்பித்தவர். அப்பா பெயரை முன்னால் விட்டுத் தன் பெயரையே கடைசியில் நிறுத்திக்கொண்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன்களின் உச்ச நிறை பற்றி 1931இல் அவர் எழுதியது இன்றும் ‘சந்திரசேகர், எஸ்.’ என்று தேடினால் கிடைக்கிறது. அப்படியொரு விண்மீன் வெடித்துச் சிதறும் 1ஏ வகை சூப்பர்நோவாவைப் பற்றிப் பேசும் எவரும் அந்த வரம்பைத் தாண்டிப் போக முடியாது.

எனக்கு வழிவிட்டது, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்கிட் எண். அந்த 16 இலக்க எண்ணோடு ஒவ்வொரு கட்டுரையையும் ஏடிஎஸ்ஸிலேயே உரிமை கோரி இணைக்கலாம். அதே பெயருள்ள வேறொருவரின் சூரிய இயற்பியல் கட்டுரைகளும் அப்போதே விலகிப் போயின.

அடுத்து, வானியல் டெலிகிராம்கள் எனப்படும் உடனடி அறிவிப்புகள். ஒரு சூப்பர்நோவா கண்ணில் பட்டால், லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டேயிலிருந்தே இயக்கி, அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுப்போம். ‘இது இரண்டாம் வகை’ என்று உடனே உலகுக்கு அறிவிப்போம். அந்தச் சிறு அறிவிப்புகளும் ஏடிஎஸ்ஸில் பதிவாகின்றன. சேர்த்தால் பட்டியல் ஊதிப் பெருகும். நடுவர் மதிப்பீடு பெற்றவை மட்டும் என்று வடிகட்டினால், கண்விழித்த இரவுகள் மொத்தமும் காணாமல் போகும். தனித் தலைப்பில் போட்டேன்.

மேற்கோள் எண்ணிக்கைதான் என்னை நெடுநேரம் பிடித்துவைத்தது. என் பட்டியலின் உச்சியில் நின்றது சூப்பர்நோவாவே அல்ல. 2017இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய நிகழ்வைப் பற்றிய கூட்டுக் கட்டுரை அது. ஆசிரியர்கள் 3,000 பேருக்கு மேல். ஏடிஎஸ், மேற்கோள்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தும் காட்டும். மூவாயிரம் பேர் மூவாயிரம் மேற்கோளைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றுதானே! பிரபஞ்சம் முடுகி விரிகிறது என்று 1ஏ வகை சூப்பர்நோவாக்களைக் கொண்டு காட்டிய வானியலாளர் ஆடம் ரீஸ் குழுவின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 20 ஆசிரியர்கள், 10,000க்கு மேல் மேற்கோள்கள். எப்படி வகுத்தாலும் அது மலைதான்.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 2023 மே மாதம் எம்101 விண்மீன் மண்டலத்தில் ஜப்பானின் இத்தகாகி கண்டுபிடித்த சூப்பர்நோவா சுமார் 2 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் வெடித்தது. வானியல் கணக்கில் அது பக்கத்துத் தெரு. முதல் நாட்களில் அதைப் பார்த்தவர்களுக்கு மேற்கோள்கள் குவிந்தன. வெகுதூரத்து மங்கலான சூப்பர்நோவா ஒன்றை, வெடித்த வாயு மெலிந்து பரவும் நெபுலா கட்டத்துக்கு அது போகும்வரை மாதக்கணக்கில் தொடர்ந்து நான் எழுதிய கட்டுரைக்கோ விரல்விட்டு எண்ணும் அளவே. என்னைக் கேட்டால் நான் செய்ததில் உருப்படியானது அதுதான்.

எனவே முக்கியமான கட்டுரைகள் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதினேன்: அவதானித்தது யார், ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் ஒளிவளைவைப் பிரித்தெடுத்தது யார், விளக்கம் யாருடையது என்று. கணக்கு எடுத்த தேதியையும் குறித்தேன், எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதால்.

ஒவ்வொரு பதிவுக்கும், ஆய்விதழின் சராசரி மேற்கோள் அளவான ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆய்விதழின் சராசரியை வைத்துத் தனி ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012லேயே சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் ஒன்று இருப்பதைச் சொன்னேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். இதழ்களுக்கு நிரப்பினேன். டெலிகிராம்களுக்கு ‘பொருந்தாது’ என்று எழுதினேன். ஏன் பொருந்தாது என்று ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். அதையும் இணைத்துக் கொடுத்தேன்.