கதவில் கொழுவிய குளிர்கால வளையம்

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் தெருவில், நவம்பர் முடிவதற்குள் கதவுக்குக் கதவு பச்சைக் கொப்பில் கட்டிய வளையங்கள் வந்துவிடும். பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டே போவேன். போன குளிர்காலம்தான் நானே ஒன்று செய்வதென்று இறங்கினேன். பிளாஸ்டிக் வேண்டாம், மினுக்கமும் ரிப்பனும் வேண்டாம். கொடி, கொப்பு, பைன் காய், கட்டுவதற்குக் கம்பி. அவ்வளவுதான்.

சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“செத்த வீட்டில வைக்கிற மலர்வளையம் மாதிரியெல்லோ இருக்கும். அதை ஏன் பிள்ளை வாசல்ல கொழுவுறாய்?”

அதை ஒரு பழைய காலத்துப் பேச்சென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு வளையம் என்றாலே பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பதுதானே. இங்குள்ளவர்களுக்கு அது வேறு. மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற மாதத்தில் பச்சை மாறாத கொப்பை வீட்டு முகப்பில் வைக்கிறார்கள். எங்கள் பின்வளவு வேலியில் நிற்கிற வெள்ளைச் சீடர் மரத்தைக் காட்டி அம்மாவுக்கு ஒரு கதை சொன்னேன். 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில், பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்ட்டியேயின் ஆட்கள் ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய் வந்து ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த பூர்வகுடி மக்கள் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடிக்கக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த மரம் இந்தச் சீடர்தான் என்று பலர் கருதுகிறார்கள். இதற்கு ‘உயிர்மரம்’ என்று பொருள்படும் பெயரும் உண்டு. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரூஜ் பூங்கா எங்களுக்குக் கிட்டத்தான். ஆனால் அது தேசிய நகர்ப்புறப் பூங்கா, அங்கிருந்து ஒரு காயைக்கூடப் பொறுக்கி வரக்கூடாது. வடக்கே காணி வைத்திருக்கிற சிநேகிதி ஒருத்தியிடம் கேட்டேன். அவளுடைய பழைய மரவேலி முழுக்கக் காட்டுத் திராட்சை படர்ந்திருந்தது. இலை கொட்டிய பிறகு வெட்டுவதுதான் வசதி. ஆனால் இலை இல்லாத கொடியில் ஆபத்தும் இருக்கிறது. பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி இலை உதிர்ந்து நின்றாலும் அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் போடும். அது மரத்தில் ஏறியிருந்தால் தண்டெல்லாம் மயிர் அடர்ந்த கயிறு போல வேர் விட்டிருக்கும். காட்டுத் திராட்சையின் பட்டை நீள நீளமாக உரியும், இடையிடையே சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி இருக்கும். உரிகிற பட்டை, பற்றுக்கம்பி இரண்டையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யாத ஒரு கொடியையும் நான் தொடவில்லை. கையுறை போட்டுத்தான் வெட்டினேன்.

பிழை விட்டது அதற்குப் பிறகு. கொடியை ஒரு கிழமை கராஜில் போட்டுவிட்டு, பிறகு எடுத்து வளைத்தேன். இரண்டாவது சுற்றிலேயே படக்கென்று முறிந்தது. மிச்சத்தைக் குளியல் தொட்டியில் சுடுதண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் கைகழுவ வந்த அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“இது முந்திரிகைக் கொடியெல்லே!”

ஊரில் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் அம்மப்பாவின் தோட்டத்தில் முந்திரிகைப் பந்தல் நின்றது. கொடி கவ்வாத்து வெட்டின நாட்களில் அம்மாவும் கூட நின்றிருக்கிறார். சட்டையை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டு, தடித்த முதிர்ந்த கொடிகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். “இந்த வருசம் ஓடின இளங்கொடிதான் வளையும், மற்றதைத் தொடாதை” என்றார். நான் சுற்ற, அவர் பிடிக்க, 35 சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்து சுற்றுச் சுற்றினோம். கடைசியாக ஒரு மெல்லிய கொடியை அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னி முனையை உள்ளே செருகினோம். ஆணி, கயிறு ஒன்றும் இல்லாமலே வளையம் தன்பாட்டில் நின்றது.

சீடர் கொப்புகளையும் முதல் நாள் இரவே வாளித் தண்ணீரில் காம்பு அமிழ வைத்திருந்தேன். 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, மூன்று நான்கு துண்டை ஒரு பிடியாகச் சேர்ப்பது. முதலில் பூ கட்டுகிற கைப்பழக்கத்தில் பிடிக்குப் பிடி முடிச்சுப் போட்டேன். நூல் இறுகுகிற மாதிரிக் கம்பி இறுகாது. முடிச்சில் ஒரு சின்ன வளைவு நின்றுவிடும், அந்த இடைவெளியால் கொப்பு நழுவிவிடும். நான்கு பிடிகளை அவிழ்த்துத் திரும்பத் தொடங்கினேன். கம்பியை வெட்டவே கூடாது. பிடியை வளையத்தில் வைத்து, காம்பின் மேல் மூன்று முறை இழுத்துச் சுற்றி, கம்பி தளராமலே அடுத்த பிடியை முந்தின காம்பும் கம்பியும் மறையும்படி வைக்கவேண்டும். எல்லா நுனியும் ஒரே திசையில் சாயவேண்டும். கடைசிப் பிடிதான் பொறுமையைச் சோதிக்கும். முதல் பிடியின் இலையை விரலால் தூக்கிப் பிடித்து அதற்கு அடியில் இதன் காம்பைக் கட்டினால்தான் தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாது. மொத்தம் 17 பிடி. விரலெல்லாம் பிசின். சவர்க்காரத்துக்கு அசையாத பிசின் தேங்காய் எண்ணெய் தேய்த்ததும் போனது.

பைன் காய்களும் சிநேகிதியின் வளவில் பொறுக்கியவைதான். மண் போகட்டுமென்று கழுவினேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் இறுக மூடிக்கொண்டன. பழுதாக்கிவிட்டேன் என்று பயந்துபோனேன். ஈரம் பட்டால் செதில்களின் வெளிப்பக்கம் ஊதி அவை உள்ளே மடங்கும், காய்ந்தால் திரும்ப விரியும் என்பது பிறகுதான் விளங்கியது. அவணில் 95 பாகை செல்சியஸில், பக்கத்திலேயே நின்று, முக்கால் மணித்தியாலம் வைத்தேன். ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளே பூச்சி இருந்திருந்தால் அதுவும் செத்திருக்கும். வீடு முழுக்கப் பிசின் வாசம்.

ஒற்றைப்படையாக வைத்தால்தான் கண்ணுக்கு அழகு என்று எங்கோ படித்திருந்தேன். கீழே இடப்பக்கமாக மூன்று காய்களைக் கட்டி அம்மாவிடம் காட்டினேன். உடனே தலையை ஆட்டினார்.

“மூண்டு வேண்டாம். நல்ல காரியத்துக்குத் தோரணத்தில நாலு குருவி வைப்பம். மூண்டு குருவி செத்த வீட்டுக்கு. நாலாக்கு.”

ஊரில் தென்னோலையைக் குருவி குருவியாக மடித்துத் தோரணம் பின்னும்போது இதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கு ஏன் தோன்றவில்லை? நாலாவது காயை அம்மாவே தேர்ந்தெடுத்தார், அடிச்செதில்களுக்கு இடையே கம்பியை ஓட்டி முறுக்கிக் கட்டியதும் அவர்தான். அதற்குப் பிறகு மலர்வளையம் என்ற பேச்சே வரவில்லை.

கொழுவியதிலும் ஒரு பிழை. காற்றுக்குப் பயந்து, வெளிக்கண்ணாடிக் கதவுக்கும் மரக்கதவுக்கும் நடுவில் வைத்தேன். வெயில் பட்டு அந்த இடைவெளி அடுப்பாகி, ஒரு கிழமைக்குள் மேல்பக்கம் பழுத்துவிட்டது. ஐந்து பிடியை மாற்றிக் கட்டி வெளியே தொங்கவிட்டேன். குளிரில்தான் அது வாழ்கிறது. காயவைத்து ஒட்டியிருந்த தோடம்பழ (ஆரஞ்சு) வட்டங்களை அணில்கள் இரண்டே நாளில் தின்றுவிட்டன. அடுத்த முறை அவற்றை வெளியே கட்டமாட்டேன். சீடரோ பெப்ரவரி வரை பச்சையாகவே இருந்தது.

மார்ச் தொடக்கத்தில் கம்பியை அவிழ்த்து, கொப்புகளை வேலிக்கடியில் மக்கப் போட்டேன். கொடி வளையம் கராஜ் ஆணியில் தொங்குகிறது. நான்கு காய்களையும் அம்மா ஒரு கடதாசிப் பையில் போட்டு, சாமியறை அலுமாரியில் வைத்திருக்கிறார்.