தூங்குகிற சட்டி

காரைக்குடி வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் முதுகைச் சாய்த்தேன். அந்தக் குளுமைக்கு யாருக்குத்தான் கண் சொக்காது? பாதித் தூக்கத்தில் அப்பத்தாவின் குரல்: "அங்க ஆணியில தூக்குச்சட்டி தூங்குது பாரு, எடுத்தா அப்பு."

சட்டி தூங்குமா? தூங்கும். 'தூங்கு' என்றால் பழந்தமிழில் தொங்குவது, அசைவது. தூங்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் தொங்கும் கூட்டால் வந்தது. அது ஒன்றும் சோம்பேறி இல்லை, பாவம். உட்கார்ந்தபடி கண் செருகும்போது தலை தொங்கி ஆடுகிறதல்லவா, அங்கிருந்துதான் இந்தச் சொல் உறக்கத்துக்குத் தாவியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மலையாளத்தில் இன்றும் தூங்குவது தொங்குவதுதான். தூங்கி விழுவதை அவர்கள் 'உறக்கம் தூங்குக' என்பார்கள். அலுவலகத்தில் ஒருமுறை "மேனேஜர் ரூம்ல தூங்கிட்டாரு" என்று நான் சொல்ல, பாலக்காட்டு நண்பர் பதறி எழுந்துவிட்டார்!

வள்ளுவரிடம் இதற்கு இன்னொரு பொருள், தாமதிப்பது. 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்று 672ஆம் குறளில் அவரே அனுமதி தருகிறார். அடுத்த சொல்லிலேயே 'தூங்கற்க' என்று பிடுங்கிக்கொள்கிறார் என்பது வேறு விஷயம். அலுவலகங்களில் ஃபைல் தூங்குவதும் இந்த வகைதான்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, தூங்குற சட்டிய மொதல்ல எடுத்துக் குடு" என்றார்.