வழி கேக்கிற இடத்துலதான் போர்டு வேணும்

எந்த பில்டிங்குக்கு சைன் போர்டு வேலை வந்தாலும் நான் முதல்ல போய் நிக்கிறது வாசல் செக்யூரிட்டி அண்ணன் பக்கத்துலதான். டிராயிங், ஆர்க்கிடெக்ட், மீட்டிங் எல்லாம் அப்புறம். ஜனங்க அவர்ட்ட என்ன கேக்கிறாங்க, அவர் எந்தப் பக்கம் கைய நீட்டறாரு, அவங்க எவ்ளோ தூரம் போய் மறுபடி நின்னு இன்னொருத்தர கேக்கிறாங்க, இதை ஒரு காலைப் பொழுது பாத்தாலே எங்க போர்டு தேவைன்னு தெரிஞ்சிடும். அடுத்தது சுவத்துல செல்லோ டேப் போட்டு ஒட்டின ஏ4 பேப்பர். "எக்ஸ்ரே இங்கே இல்லை", "பில் கட்ட அடுத்த கவுண்டர்"னு ஸ்கெட்ச் பேனால எழுதியிருக்கும். மேனேஜ்மென்ட்ல அசிங்கமா இருக்கு கிழிச்சிடுங்கன்னு சொல்லுவாங்க, நான் இருங்க சார், முதல்ல போட்டோ எடுத்துக்கறேன்னு சொல்லுவேன். ஒரே கேள்விக்கு நாள் பூரா பதில் சொல்லி ஓய்ஞ்சு போன நர்ஸக்கா ஒட்டின பேப்பர் அது, அதைவிட நல்ல சர்வே எனக்கு கிடைக்காது.

எனக்கு வர்றது பாதிக்கு மேல ஆஸ்பத்திரி வேலை. அங்க வர்ற ஆளை நினைச்சுப் பாருங்க, ராத்திரி தூங்கல, ஒரு கையில ஃபைலு, ஒரு கையில அம்மாவ பிடிச்சிருக்காரு, மனசுல பயம். அவர் முன்னாடி கிரானைட்ல முப்பது டிபார்ட்மென்ட் பேரை வரிசையா வெட்டி வச்சா அவரால அதுல ஒண்ண தேடிப் படிக்க முடியாது, நேரா ஆளைத் தேடித்தான் போவாரு. அதனால கேட்டுல நாலே நாலு: எமர்ஜென்சி, ஓபி, ஸ்கேன் எக்ஸ்ரே, வார்டு. அடுத்த திருப்பத்துல அதுல இருந்து பிரியறது மட்டும். எங்க நின்னு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முடிவு பண்றாங்களோ அந்த இடத்துல அந்த முடிவுக்குத் தேவையானது மட்டும் இருக்கணும். அதே மாதிரி நீளமான காரிடார்ல திருப்பமே இல்லன்னாலும் நடுவுல ஒரு சின்ன போர்டு தொங்கணும், இல்லன்னா பாதி தூரத்துல சந்தேகம் வந்து திரும்பிடுவாங்க. இது செலவு வெட்டும்போது முதல்ல போற போர்டு, நான் ரொம்ப வாதாடறதும் இதுக்குத்தான்.

அம்புக்குறி தனிக் கதை. நேரா போங்கன்னு சொல்ல மேல பாத்த அம்பு போடறதுதான் நிறைய இடத்துல வழக்கம், ஆனா அதையே மாடிப்படிக்கு பக்கத்து சுவத்துல ஒட்டினா பெரியவங்க படி ஏற ஆரம்பிச்சிடறாங்க, முட்டி வலிக்கு டாக்டரைப் பாக்க வந்தவங்க ஒரு மாடி ஏறி இறங்கினா எப்படி இருக்கும். அதனால நேரா போறதுக்கான போர்டு காரிடார் நடுவுல மேல தொங்கணும், மாடிக்கு படியோட படம் போட்டு சாய்ஞ்ச அம்பு, கூடவே "முதல் மாடி"ன்னு எழுத்து. மேப்பும் இப்படித்தான், "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்"னு ஒரே டிராயிங்க எல்லா சுவத்துக்கும் பிரின்ட் எடுத்துடுவாங்க. பாக்கிறவர் தெற்கு பாத்து நிக்கும்போது மேப்புல வடக்கு மேல இருந்தா அவரோட வலது பக்கம் மேப்புல இடது பக்கமாயிடும். ஒவ்வொரு சுவத்துக்கும் மேப்ப திருப்பி வரையணும், அவருக்கு எதிர்ல இருக்கிறது மேப்புல மேல வரணும். கூடுதலா அரை நாள் டிசைன் வேலை, அவ்ளோதான்.

தமிழ் எழுத்த பத்தி சொல்லாம விட மனசில்ல. இங்கிலீஷ் அளவுலயே இடம் ஒதுக்கிட்டு தமிழ் நீளமா வருதுன்னு சுருக்கிடறாங்க, கொம்பும் காலும் சுழியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. எல்இடி உள்ள வச்ச அக்ரிலிக் போர்டுல வெளிச்சம் பரவி புள்ளி காணாம போயிடும். பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்துன்னு எங்க தொழில்ல ஒரு கணக்கு உண்டு, தமிழுக்கு நான் அதுக்கும் மேலதான் வைக்கிறேன், வரிக்கு வரி இடைவெளியும் கூட விடறேன்.

படிக்கத் தெரியாதவங்களுக்கு, ஒடிசா பீகார்ல இருந்து வேலைக்கு வந்தவங்களுக்கு, படமும் கலரும் நம்பரும்தான் துணை. 1969ல மெக்சிகோ சிட்டி மெட்ரோ திறந்தப்போ லான்ஸ் வைமன்ங்கற டிசைனர் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் கொடுத்தாரு, பேர் படிக்க முடியாதவரும் படத்தைப் பாத்து இறங்கிடலாம். நம்ம ஆஸ்பத்திரிகள்ல தரையில கலர் கோடு போடறது அந்த வகைதான், நல்லாவே வேலை செய்யுது, மூணு நாலு கலருக்கு மேல போனா குழப்பம். சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாதவங்க இருக்காங்க, அதனால கோட்டு மேலயே பேரும் எழுதணும். பினாயில் மாப்பும் ஸ்ட்ரெச்சர் வீலும் பட்டு கோடு முதல்ல அழியறது திருப்பத்துலதான், எங்க ரொம்ப வேணுமோ அங்க.

ஓடற பச்சை மனுஷன் எக்ஸிட் போர்டு எல்லாருக்கும் தெரியும். ஜப்பான்ல 1972ல ஒசாகாவுலயும் 1973ல குமமோட்டோவுலயும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் தீ விபத்துல ஒவ்வொண்ணுலயும் நூறு பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கப்புறம் டிசைனர் யுகியோ ஓட்டாவும் அவர் கூட இருந்தவங்களும் வடிவமைச்சது அது, இப்ப உலகத்துல நிறைய நாட்டுல இருக்கு. அவ்ளோ உயிர் போய் வந்த படத்துக்கு முன்னாடி பண்டிகை தள்ளுபடி பேனர் கட்டறதைப் பாத்தா எனக்கு கோவம் வரும், கடைக்காரர்கிட்ட நின்னு சொல்லிட்டுத்தான் வருவேன். புகை மேலதான் முதல்ல சேரும், உத்தரத்துல இருக்கிற எக்ஸிட் போர்டு சீக்கிரம் மறைஞ்சிடும், அதனால இருட்டுல தானா ஒளிர்ற ஷீட்ல முட்டி உயரத்துக்கு கீழயும் அம்பு ஒட்டணும்னு நான் கேக்கிறது இதனாலதான்.

போர்டு மாட்டின நாள் அழகா இருக்கும். ஆறு மாசத்துல லேப் வேற பிளாக்குக்கு மாறும், போர்டு அங்கயே இருக்கும், மாத்தறது யார் வேலைன்னு யாருக்கும் தெரியாது, மறுபடி ஏ4 பேப்பர் ஏறும். அதனால இப்ப ஒவ்வொரு பேரும் தனித்தனியா கழட்டி மாட்டற பட்டையா செய்யறேன், கொட்டேஷன்லயே வருஷத்துக்கு ஒரு தடவை முழு பில்டிங்கும் நடந்து பாத்து மாத்தறதுக்கு ஒரு தொகை போடறேன். நிறைய பேர் அந்த வரிய அடிச்சிட்டு மத்ததுக்கு ஓகே சொல்றாங்க. அடுத்த கொட்டேஷன்லயும் போடுவேன், அது இல்லாம மத்த காசு செலவு பண்றதுல எனக்கு சம்மதம் இல்ல.