ரத்தம் கேட்கப் போகிறேன்

செப்டம்பர் 22

அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்ததான தினம். அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் முகாம். வீடு வீடாகப் போய்க் கேட்கும் பொறுப்பு என்னுடையது. எப்படிக் கேட்டால் மனசு இசையும் என்று உளவியலாளர்கள் ஆராய்ந்ததைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லன் லாங்கர் குழுவின் ஜெராக்ஸ் சோதனை 1978இல் வெளியானது. ஜெராக்ஸ் எடுக்கப்போகிறவரிடம், “அஞ்சு பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். “அவசரம்” என்று சேர்த்தால் 94. “நகல் எடுக்கணும், அதனால” என்ற வெற்றுக் காரணத்துக்கும் 93! ஏதோ ஒரு காரணம் சொன்னால் போதும் என்று பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அஞ்சு பக்கம் இருபது பக்கமானதும் வெற்றுக் காரணம் 24க்கு விழுந்துவிட்டது. காரணமே சொல்லாதவருக்கும் அதே 24தான். நிஜமான அவசரத்துக்கு 42.

350 மில்லி ரத்தம் அஞ்சு பக்க ஜெராக்ஸ் அல்ல. உண்மையான காரணத்தோடுதான் போக வேண்டும்.

செப்டம்பர் 24

எதிர்வீட்டுத் தம்பி ஒரு வழி சொன்னான்: “முதல்ல பெருசா கேளுங்கண்ணே. முடியாதுன்னதும் ஒரு தடவை போதும்னு இறங்குங்க.” ராபர்ட் சியால்டினி அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ரத்தத்துக்கே இதைச் செய்து பார்த்திருக்கிறார். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று வருடம் தர முடியுமா என்று முதலில் கேட்டு, அப்புறம் ஒரு தடவைக்கு இறங்கினார். பலித்தது. அப்படிக் கேட்கப்பட்டு வந்தவர்களில் 84 சதவீதம் பேர் மறுபடியும் தரச் சம்மதித்தார்கள். நேரடியாகக் கேட்கப்பட்டு வந்தவர்களில் 43.

இருந்தாலும் எனக்கு வேண்டாம். நம் நாட்டு விதிப்படி ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி கட்டாயம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்று கேட்டால் அது பச்சைப் பொய்.

செப்டம்பர் 27

இன்று இரண்டு மாடி முடித்தேன். பிரான்சில் கெகன், பாஸ்குவல் இருவரும் 2000இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. தெருவில் பஸ்ஸுக்குக் காசு கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். “தருவதும் தராததும் உங்கள் இஷ்டம்” என்று சேர்த்ததும் 47.5. எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரு வீட்டில் பையனை முந்திக்கொண்டு அம்மாவே, “வருவான், எழுதிக்கோங்க” என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “வேண்டாம்மா, அவனுக்கு இஷ்டம்னா அவனே வரட்டும்” என்று எழுதாமல் வந்துவிட்டேன். கட்டாயத்துக்கு வருகிறவர் காய்ச்சல், காமாலை, மாத்திரை பற்றிய கேள்விகளுக்கு மறைத்துப் பதில் சொல்லக்கூடும். அந்த ரத்தம் நோயாளிக்கு ஏறுகிறது. இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

செப்டம்பர் 30

“பார்க்கலாம்” என்றிருந்த கீழ்வீட்டு அண்ணன் மாலையில் படிக்கட்டில் நிறுத்தினார். பல் பிடுங்கி ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறாராம். “இந்தத் தடவை வேண்டாம்ல?” என்றார். வேண்டாம் என்றேன். நாளை பதிவு மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கேள்வித்தாளை விளக்கட்டுமா என்று அவரே கேட்டார். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.